திருப்தி ஆகும் வரை

ஒரே கல்யாண வீடியோவை நான் ஒன்பது முறை திருத்தியிருக்கிறேன். எட்டாவதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையே சொன்னான்: "அக்கா, இன்னொரு தடவ பாத்தா எனக்கே கல்யாணம் வேணாம்னு தோணிடும்."

என் தொழில் வீடியோ எடிட்டிங். கம்பெனி எல்லாம் கிடையாது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் என் வீட்டு முன்ரூமும் ஒரு கம்ப்யூட்டரும்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் முட்டாள்தனத்தைப் படித்தாவது தப்பித்துக்கொள்ளட்டும்.

பக்கத்துப் பாலகாட் ஏரியா தேவராஜ் அங்கிள் தன் மகன் கல்யாணத்துக்கு என்னைப் பிடித்தார். முப்பதாயிரம் பேசி, பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். நானும் பெருமையாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "முழு திருப்தி ஆகும் வரை மாற்றிக் கொடுக்கப்படும். பிறகு பாக்கி கொடுத்தால் போதும்." அந்தக் கையை உடைக்க வேண்டும். பாக்கியில் பன்னிரண்டாயிரம் கேமராமேன் ஜோசப்புக்குப் போக வேண்டிய பணம். ஜோசப் வாய் திறந்து காசு கேட்க மாட்டார். தினமும் ரோஜாப்பூப் படத்தோடு 'குட் மார்னிங்' அனுப்புவார். மாசக் கடைசியில் ஒரே நாளில் மூன்று குட் மார்னிங் வந்தது.

முதல் திருத்தம், அங்கிளின் மருமகனை வீடியோவிலிருந்து நீக்குவது. பந்தியில் லெக் பீஸ் வைக்கவில்லை என்று அவர் சண்டை போட்டிருந்தார். அந்த மனிதரோ மேடையை விட்டு இறங்கவே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து, அவர் நின்ற இடத்திலெல்லாம் ஒரு பூந்தொட்டியை ஒட்டினேன். அடுத்த வாரம் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

"இன்னாம்மா, மருமகன் நின்ன எடத்துல தொட்டி நிக்குது?" என்றார் அங்கிள்.

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

"அது அப்போ. இப்போ அவரே மட்டன் வாங்கினு வந்து கீறாரு. திருப்பி வெச்சிடு."

வைத்தேன். மகள் தன் கன்னத்தைக் குறைக்கச் சொன்னாள். சித்தப்பா தன் டான்ஸுக்கு வேறு பாட்டு கேட்டார். ஒருவருக்குத் திருப்தி வந்தால் இன்னொருவருக்குப் போய்விடும்.

என்னோடு படித்த ஷீலா ராபர்ட்சன்பேட்டையில் வக்கீல். நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டேன். வாட்ஸ்அப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருக்கு திருப்தி, எத்தினி தடவ, ஒன்னும் எழுதலியேடி. நான் அவருக்கு வேணா ஆஜராகறேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்பதாவது வீடியோவோடு அங்கிள் வீட்டுக்கே போனேன். போட்டுக் காட்டியதும் ஏழு பேர் ஒரே நேரத்தில் பத்தாவது திருத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கிள் மைன்ஸில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, மேலிருந்து ஏற்றி இறக்குகிற வேலை.

"அங்கிள், கீழருந்து ஏழு பேர் கத்தினா கேஜைத் தூக்குவீங்களா?"

"அது எப்படிம்மா? மணி அடிக்கிற ஆளு ஒருத்தன்தான். அவன் அடிச்சாத்தான் நகரும். மத்தவன் கத்தினா கத்திக்கினே இருக்க வேண்டியதுதான்."

"அப்போ இந்த வீட்ல மணி அடிக்கிறது யாரு?"

ஏழு பேரும் அங்கிளைப் பார்த்தார்கள். அங்கிள் மெல்லத் திரும்பி, அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்த தன் மனைவி எஸ்தர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி தலையைத் தூக்கவில்லை.

"மொத வீடியோவே நல்லாத்தான் இருந்திச்சு. என்னை யாரு கேட்டீங்க? பீரோல பணம் இருக்குது, எடுத்துக் குடுங்க."

அன்றே ஜோசப்புக்குப் பணத்தை அனுப்பினேன். 'குட் ஈவ்னிங்' என்று பதில் வந்தது.

இப்போது ஷீலா எழுதிக் கொடுத்த அக்ரிமென்ட் வைத்திருக்கிறேன். பாதிப் பணம் முன்னாலேயே. திருத்தம் இரண்டு, மூன்றாவதற்குத் தனிக் காசு. பாக்கி வரும் வரை வீடியோவுக்குக் குறுக்கே என் பெயர் ஓடும். ஒரு வரி மட்டும் நான் சேர்த்தது: 'முடிவு சொல்பவர் பெயரும் கையெழுத்தும்'.

வீட்டுத் தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேனாவை வாங்குவார். கையெழுத்துப் போடும் முன் ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்பார். உடனே பேனாவைப் பிடுங்கி, அவர் யாரைப் பார்த்தாரோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்.