சந்தனத்துக்கு அடியில் ஓர் இலக்கம்

ஆயுத பூஜைக்கு எல்லோரும் செல்போனுக்குப் பொட்டு வைப்பார்கள். என் தங்கை அதன் அட்டைப்பெட்டிக்கு வைத்தாள். பட்டாளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் எந்நேரமும் கூப்பிடலாம், போனைப் பூஜையில் வைக்க முடியாது என்பது அவள் நியாயம்.

அந்தப் போன், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் வரும்போது பஸ்ஸில் தொலைந்தது. போன் போனால் போகட்டும். சிக்னல் இல்லாத மலைக்குப் போகும் முன், மகளுக்கு ஊட்டும்போது போட்டுக்காட்டச் சொல்லி மாப்பிள்ளை பேசி அனுப்பியதெல்லாம் அதில்தான் இருந்தது. அந்தக் குரல் இல்லாமல் மூன்று வயதுக்காரிக்கு ஒரு வாய் இறங்காது.

காவல் நிலையத்தில் ஐஎம்இஐ எண் கேட்டார்கள். தங்கை தன் செல் நம்பரை ஒப்பித்தாள்.

"அது சிம்மோட நம்பர்மா. போனுக்குன்னு தனியா பதினஞ்சு இலக்கம் உண்டு. பெட்டியில ஒட்டியிருக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் கம்ப்யூட்டர் வாங்காது" என்றார் ஏட்டு.

அவள் வீட்டுக்குப் போய் எடுத்த பெட்டியில் இருந்தது, காய்ந்த சந்தனத்துக்கு அடியில். நகத்தால் சுரண்டினேன். காகிதமும் சேர்ந்து பிய்ந்து, நடுவில் ஓர் இலக்கம் போய்விட்டது. பில்லையும் காணோம்.

"ஒன்னய யாருக்கா சுரண்டச் சொன்னா?"

"ஒன்னய யாருடி அம்புட்டுச் சந்தனம் அப்பச் சொன்னா?"

கோபத்தோடு என் போனில் அந்த எண்ணைப் பற்றித் தேடியபோதுதான் அது கண்ணில் பட்டது. கடைசி இலக்கம் சும்மா வருவதில்லையாம். முன்னால் உள்ள பதினான்கும் சரிதானா என்று பார்க்கும் காவல்காரனாம். ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, விடை இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி, எல்லாவற்றையும் சேர்த்தால் வரும் தொகை பூஜ்யத்தில் முடிய வேண்டும். சத்தியமாக உடம்பு புல்லரித்தது. கணிதம் படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்டவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கத் தோன்றியது.

பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழு மட்டும் பொருந்தியது. ஒன்பது வரைக்கும் போய் உறுதி செய்துகொண்டேன். அதை எழுதிக் கொடுத்தோம், கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போனை எடுத்தவர் பூட்டைத் திறக்கத் தெரியாமல் தன் சிம்மை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார், போனின் எண் காட்டிக்கொடுத்து மாட்டிக்கொண்டார். ஏட்டு அவசர அழைப்புத் திரையில் நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்தினார். பதினைந்து இலக்கமும் வந்து நின்றன. என் ஏழும் அதன் இடத்தில் இருந்தது. எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

தங்கை பூட்டைத் திறந்து, மாப்பிள்ளையின் பதிவை ஓட விட்டாள்.

"ஏட்டி, எங்க, அப்பாவுக்கு ஆ காட்டு."

என் இடுப்பில் இருந்த பிள்ளை, காவல் நிலையம் என்றும் பாராமல் வாயைத் திறந்தாள்.