தும்பிப் புழுவின் பசி

மார்ச் 9, ஞாயிறு. காலை எட்டு மணி. இரண்டு பேசன் பாத்திரங்கள் நிழலில் வைக்கப்பட்டன. ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே அள்ளிய ஓடைநீர். மற்றதில் தொழிற்சாலை எஞ்சினின் சுடுநீர் ஓடையில் கலக்குமிடத்தில் அள்ளியது. சூடு ஆறாதிருக்க மணிக்கொரு முறை புதிதாக ஊற்றப்பட்டது. ஒவ்வொன்றிலும் இருபது தலைப்பிரட்டைகள், அவற்றைத் தின்னும் தும்பிப் புழு ஒன்று. மாலை நான்கு மணிக்கு மீதம்: குளிர்நீரில் பதினேழு, இளஞ்சூட்டு நீரில் இருபது.

இது அக்காவின் குறிப்பு. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்பா தொழிற்சாலைக் கிளாக்கர். அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. சுடுநீர் விழும் இடத்துக்குக் கீழே தலைப்பிரட்டைகள் அற்றுப்போயிருந்தன. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள் என்றார் அப்பா. நீர் சூடேறினால் புழுவுக்குப் பசி கூடுகிறது என்றாள் அக்கா.

"மெய்னு காட்டிரு, கண்டிக்கு சயன்ஸ் படிக்க அனுப்புறேன். இல்லாட்டி தையல் கிளாஸ்தான்," என்றார் அப்பா.

"புழுவுக்குப் பந்தி வைக்கிறா உங்க மக," என்றாள் அம்மா. "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னத்தச் சொல்றது?"

அக்கா தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் காவல் எனக்கு. முதல் நடையிலேயே இளஞ்சூட்டுப் பேசனில் நான்கு குறைந்தன. என் காவலில் குறைந்ததால் பழி என்மேல் வரும் என்று பயந்தேன். பிடித்ததில் மிஞ்சிய தலைப்பிரட்டைகளை அவள் ஒரு போத்தலில் வைத்திருந்தாள்; அதிலிருந்து நான்கை எடுத்துப் போட்டேன். குளிர்ந்த பேசனில் ஒன்றிரண்டு குறைந்தது என் கண்ணில் படவில்லை. மாலைக்குள் பதினொன்று போட்டிருந்தேன்.

அக்கா மூன்று தடவை எண்ணினாள். "தொட்டியாடா தம்பி?"

"இல்லக்கா."

எண்ணிக்கையை மாற்றாமல் எழுதினாள். "சூட்டுல ஒண்ணுமே சாகலையேம்மா," என்றார் அப்பா, பரிவோடுதான்.

அவள் தையல் கற்றாள். கண்டிக்குப் படிக்கப் போனவன் நான். பிறகு பணிக்காலம் முழுவதும் ஓடைகளின் வெப்பத்தையே ஆராய்ந்தேன். அவள் சொன்னது சரி என்பதைப் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைவதற்காகத்தான் அவள் அன்று காத்திருந்தாள் என்பது ஏழு வயதுக்கு எட்டவில்லை. எட்டிய வயதில் வாய் வரவில்லை. அக்கா போன மாதம் காலமானாள்.

செய்யாமல் விட்டவை:

அப்பாவிடம் சொல்வது.

அக்காவிடம் சொல்வது.

அதே ஓடையில், காவல் வைக்காமல், மறுபடி செய்து முடிவை எழுதுவது. ஆய்வாளர் பெயர்களில் அவள் பெயரை முதலில் இடுவது. இது ஒன்றுதான் இன்னும் என் கையில் இருக்கிறது. செய்வேன்.