நாணலுக்குள் கிடந்த வாள்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை இயந்திரங்களுக்கு அடுத்திருப்பது துணியறை. அதன் பொறுப்பாளர் அம்மாளுக்கு அங்கே இருபத்தாறு வருட வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல், சலவையாகி வரும் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். கிழிசல் என்றால் தையலுக்கு, போகாத கறை என்றால் கழிவுக்கு, மற்றவை அலமாரிக்கு. நாளொன்றுக்கு நானூறு உருப்படிக்குக் குறையாது. கறை என்று கண்ணில் பட்டதுமே அவர் எதையும் கழித்ததில்லை. விரிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார். கறையானால் துணியோடு நகரும். கண்ணாடியில் ஒட்டிய தூசியானால் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படி அவர் காப்பாற்றிய விரிப்புகள் வருடத்துக்கு அறுபதாவது தேறும்.

வீட்டில் அவர் ஒரு தளபதி. நான்கு வருடத்துக்கு முன் முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கட்டிலில் கிடந்தபோது, நாத்தனார் வந்து கணினியில் பழங்காலப் போர் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு வாரத்தில் கால் தரைக்கு வந்தது, புத்தி போர்க்களத்துக்குப் போய்விட்டது என்பது தச்சு வேலை செய்யும் கணவரின் கணக்கு.

நாத்தனாரும் அம்மாளும் இருந்த விளையாட்டுக் குழுவில் ஏழு பேர். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எத்தனை ஈட்டிக்காரர், எத்தனை யானை மிச்சம் என்று எண்ணி எழுதுவதால் இவருக்கு அங்கே கணக்கக்கா என்று பெயர். மாதக் கடைசி ஞாயிறன்று குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டி நடக்கும். ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம். படத்தில் போர்க்களம் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது; பொத்தான், எண், மவுஸ் குறி எது தெரிந்தாலும் படம் தள்ளுபடி. இந்த விதியைக் கொண்டுவந்தவரே கணக்கக்காதான். அதில் முதலில் மாட்டியவரும் அவரே. அந்த விளையாட்டில் மவுஸ் குறி ஒரு குட்டி வாள். அதை மறைக்க மறந்துவிட்டார். குதிரைப் படைக்கு மேலே வானத்தில் வாள் தொங்கியது. "அண்ணி, மேல ஒருத்தர் சண்டை போடறாரு, ஆளைத்தான் காணோம்" என்று நாத்தனார் எழுதியதைக் குழு ஒரு வருடம் சொல்லிச் சிரித்தது.

முப்பத்தொரு மாதம் ஆயிற்று. மற்ற ஆறு பேரும் ஒரு முறையாவது ஜெயித்தாயிற்று. கணக்கக்கா மட்டும் பாக்கி. அந்த ஆசையை அவர் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டா விட்டுடுவேங்க."

"நிஜமாவா? எங்க ஓட்டுப் போடணும், சொல்லு."

முப்பத்திரண்டாம் மாதத் தலைப்பு, ஆற்றைக் கடக்கும் படை. கணக்கக்கா பதினோரு முறை படையை ஆற்றில் இறக்கி ஏற்றினார். பதினோராவது முறை அமைந்தது: நடு ஆற்றில் தயங்கி நிற்கும் யானை, பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பார்க்கும் பாகன். குழுவில் பஸ் தம்பி என்று எல்லாரும் கூப்பிடும் நகரப் பேருந்து ஓட்டுநர் அனுப்பிய படத்தில் படை ஏற்கெனவே கரையேறிவிட்டிருந்தது. ஆற்றில் ஒரே ஒருவன், முரசைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்துகொண்டிருந்தான்.

ஓட்டை எல்லாரும் பார்க்க, முறைப்படி ஒவ்வொருவராகப் போட வேண்டும். தன் படத்துக்குப் போடக்கூடாது. ஓட்டுகள் சமமானால் இதுவரை ஜெயிக்காதவருக்கே வெற்றி. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுநர் முதல் ஓட்டைப் போட்டார்: "அக்காவோட யானைக்கு." நான்கு மணிக்கு ஆறு ஓட்டும் விழுந்துவிட்டன. ஓட்டுநருக்கு மூன்று, கணக்கக்காவுக்கு மூன்று. மிச்சம் கணக்கக்காவின் ஓட்டு. ஐந்து மணி கெடு.

நாத்தனார் போனில் கூப்பிட்டாள். "இதுல என்ன யோசனை அண்ணி? வேற யாருக்காவது குத்துங்க. சமமாயிடும், நீங்கதான் ஜெயிப்பீங்க. நானும் உங்களுக்குத்தானே போட்டேன்."

"எது நல்லாயிருக்கோ அதுக்குத்தான் போடணும்னு பேச்சு" என்று வைத்துவிட்டார். எது நன்றாக இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்திருந்ததே. அந்த முரசுக்காரன் காலையிலிருந்து அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஓட்டுநரின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இடது கீழ் மூலையில், நாணலுக்குள் ஒரு குட்டி வாள். அதே அளவு, அதே சாய்வு. மவுஸ் குறியென்றால் படம் தள்ளுபடி. யாரையும் ஏமாற்ற வேண்டாம், விதியே ஜெயிக்க வைத்துவிடும். குழுவில் ஒரு வரி எழுதினால் போதும். ஓட்டுநர் வாதாடுகிற ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிடுவார். சரிதானா என்று யாரும் சோதிக்கவும் போவதில்லை.

அந்த ஒரு வரியை எழுதியும் விட்டார். அனுப்பப் போன விரல் நின்றது. விரிப்பை இழுத்துப் பார்க்காமல் கழித்ததாக அவருக்கு நினைவே இல்லை.

விளையாட்டைத் திறந்தார். அதே ஆறு, அதே துறை. படை எதையும் இறக்காமல் வெறும் களத்தை மட்டும் வரவழைத்து, கரையோரமாக நகர்த்திக்கொண்டே போனார். நாணல் வந்தது. உள்ளே வாள் கிடந்தது. மவுஸை இடமும் வலமும் ஆட்டினார். அவருடைய மவுஸ் வாள் திரையெங்கும் ஓடியது. நாணலுக்குள் கிடந்தது அசையவில்லை. களத்தோடு சேர்த்து யாரோ வரைந்து வைத்தது; கிட்டே போனால் துருக்கூடத் தெரிந்தது.

கணக்கக்கா கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தார். எழுதிய வரியை அழித்தார். நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டைப் போட்டார்: "பஸ் தம்பி படத்துக்கு. கடைசி ஆளு வர்ற வரைக்கும் நின்னிருக்காரு."

நான்கு, மூன்று. ஓட்டுநர் ஜெயித்தார்.

"உங்களை நீங்களே தோக்கடிச்சிட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். கணக்கக்கா குழுவில் நடந்ததை மறைக்காமல் எழுதினார்: வாளைக் கண்டதும், மவுஸ் குறியென்று ஆசைப்பட்டதும், போய்ப் பார்த்ததும். அந்த வாளை அதுவரை குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை. "அந்தத் துறையில இருநூறு தடவை படையை இறக்கியிருப்பேன். என் கண்ணுல படவே இல்லையேக்கா" என்றார் ஓட்டுநர். அரை மணி நேரத்தில் ஏழு பேரும் நாணலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த மாதத் தலைப்பைச் சொல்வது ஜெயித்தவரின் உரிமை. ஓட்டுநர் சொன்னார்: "அந்த வாளைத் தொலைச்சவன்."

கணக்கக்காவுக்கு அப்போதே ஒரு முகம் தோன்றிவிட்டது. படையின் கடைசி வரிசையில் நொண்டி நடக்கும் ஒரு கிழட்டு வீரன். எந்த வெளிச்சத்தில் நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"இல்லைங்க."

"அப்ப விடமாட்டே."

"விடமாட்டேன்."

கணவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "அந்த மேசை பத்தாது. மவுஸ் பிடிக்கிற முழங்கை எப்பவும் வெளியில தொங்குது. அரை அடி பலகை சேக்கறேன். கொஞ்சம் எந்திரி, அளந்துக்கறேன்."