பிடிஓ வீட்டுத் தக்காளி ரசம்

1. திறப்பு விழா

ஊர்களில் விவசாயத் திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் கிராம சேவக்காக வேலையில் சேர்ந்த முதல் நாளே, வட்டார வளர்ச்சி அதிகாரியான பிடிஓ என்னைக் கூப்பிட்டார். "பாலக்கோடு ரோட்டுல குணமான தொழுநோயாளிங்க குடியிருப்பு ஒண்ணு இருக்கு. அங்க காய்கறித் தோட்டம் போடற திட்டம் வந்திருக்கு. நீங்க புதுசு, நீங்களே பாருங்க" என்றார். புதியவன் என்பதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் மாட்டேன் என்று சொல்லிவிட்ட விஷயம் பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டு நோய் தீர்ந்தவர்கள். டாக்டர் சான்று கொடுத்துவிட்டார். சொந்த ஊர்கள்தான் கொடுக்கவில்லை. தீர்த்தமலைக் கோயில் படிக்கட்டில் தட்டு வைத்து உட்கார்ந்தவர்கள் பலர். அவர்களுக்காகப் பேசியவர் அவர்களில் ஒருவரான மரியசூசை. விவசாயக் குடும்பம். விரல்கள் மடங்கிப்போன கையோடு மண்வெட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு பாத்தி வெட்டுவார்.

திறப்பு விழாவுக்கு வந்த பிடிஓ ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஜீப்பில் நின்றபடியே, "தொழுநோயைக் கண்டு யாரும் பயப்படக் கூடாது!" என்று முழங்கினார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்ததால் பாதிதான் கேட்டது. மரியசூசை முதல் நாற்றை நீட்டியதும், "எனக்கு மீட்டிங் இருக்கு, சேவக் நடுவாரு" என்று டிரைவரின் முதுகைத் தட்டினார்.

2. விளைச்சல்

பூசா ரூபி ரகத் தக்காளி. ஐப்பசியில் நட்டது தையில் கொத்துக் கொத்தாகப் பழுத்தது. கூடைகளோடு மாரண்டஹள்ளி சந்தைக்குப் போனேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள், சொன்னேன். என்னைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்து, சந்தையில் எனக்கு மட்டும் நிறைய இடம் கிடைத்தது.

கூடைகளை ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். ஊழியர்கள் வாங்கி ஆதரவு தர வேண்டும் என்று பிடிஓ உத்தரவு போட்டார். ஹெட் கிளார்க்குக்குத் தக்காளி உடம்புக்கு ஆகாதாம். டைப்பிஸ்டுக்கு ஏதோ வேண்டுதல். பிடிஓவிடமே நீட்டினேன். "எங்க வூட்ல மாரண்டஹள்ளி தக்காளிதான் தம்பி சேரும்" என்றார். ஒரு கூடையை நானே எடுத்துப் போனேன். என் மனைவி தொக்கு செய்தாள். எங்கள் இரண்டு வயிறு எவ்வளவு தாங்கும்?

தோட்டத்தில் பழம் உதிர்ந்து அழுகத் தொடங்கியது.

"படிக்கட்டுல உக்காந்தா தட்டுல ஏதாச்சும் விழுமுங்க. இங்க எல்லாம் மண்ணுலதான் விழுது" என்றார் மரியசூசை. "ரெண்டு குடும்பம் தீர்த்தமலைக்கே போறேன்னு மூட்டை கட்டிட்டாங்க."

அந்த வாரம்தான் முனிசாமி வந்தார். மாரண்டஹள்ளி காய்கறி வியாபாரி.

"பாதி வெலைக்கு எடுத்துக்கறேன். எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது."

வேறு வழியில்லாமல் மரியசூசை தலையாட்டினார். வண்டி போன பிறகு சொன்னார்: "எங்க கையில இருந்தா நோயி. அவரு கூடையில ஏறுனா தக்காளி."

3. விருந்து

தோட்டத்தைப் பார்க்க தர்மபுரியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். முதலில் பிடிஓ வீட்டில் சாப்பாடு. அதிகாரி தக்காளி ரசத்தை மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தார்.

"பிரமாதம்! தக்காளி எங்க வாங்கினது?"

"மாரண்டஹள்ளிதாங்க சார். நல்ல கடையாப் பார்த்து வாங்கினது" என்று பிடிஓ பூரித்தார்.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனோம். அன்று அதிகாரி வருவது முனிசாமிக்குத் தெரியாது. வரப்பில் தராசு வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தவர், பிடிஓவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். மூச்சு விடக் கூடாது என்றவருக்கே வாய் நிற்கவில்லை.

"சாமி, காலைல உங்க வூட்டுக்கு அனுப்புனனே, நல்லா இருந்துச்சுங்களா? இந்தத் தோட்டத்துச் சரக்குதானுங்க!"

பிடிஓ ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். அங்கே வாயைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. அதிகாரியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "மூணு டம்ளர் ரசம்" என்று மரியசூசையின் காதில் சொன்னேன்.

"பயப்படாதீங்க சார்" என்றார் மரியசூசை. "எங்களுக்கே எப்பவோ சரியாப்போச்சு. இன்னிக்கு உங்களுக்கு வயிறு வலிச்சா, ரசம் அதிகமாக் குடிச்சதாத்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியசூசையும் சிரித்தார். குடியிருப்பே சிரித்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை அதிகாரி கவனித்தார். இனி அவர் பின்வாங்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது தெரிஞ்சுதான் குடிச்சேன்" என்றார். பச்சைப் பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, இனிமேல் அரசு மாணவர் விடுதிகளுக்கு இங்கிருந்தே தக்காளி வாங்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவும் போட்டார். விடுதியே வாங்குகிறது என்று தெரிந்ததும் சந்தைக்காரர்கள் தேடி வந்தார்கள். முனிசாமியும் முழு விலைக்கு இறங்கிவந்தார். மூட்டை கட்டியவர்கள் பிரித்தார்கள்.

அடுத்த விதைப்புப் பட்டத்தில் பிடிஓ மேடைக்கு மேடை பேசினார்: "இந்தத் தக்காளியை முதல்ல சாப்பிட்ட அதிகாரி நான்தான்!" ஒரு விதத்தில் அது உண்மைதான்.

விதை, உரம், மோட்டார் எல்லாம் திட்டத்தில் வந்துவிடும். விளைந்ததை யார் சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் எந்தத் திட்டத்திலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பிற்பாடு விதவைகள் இல்லம், அநாதை விடுதி என்று எத்தனையோ தோட்டங்கள் என் பொறுப்பில் வந்தன. அங்கெல்லாம் மண்ணைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து ஊர் சமையலறைகளைத்தான் போய்ப் பார்த்தேன்.