நாவல் மரத்தடியில் மாட்டிக்கொண்டேன்

ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர் காலமானபின், மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்து வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். பின்புறம் காட்டு மரங்களோடு ஒரு கிழட்டு நாவலும் நிற்கிறது. போன வருடக் கோடையில் அதன் உச்சிக்கிளைகள் காய்ந்து முறியத் தொடங்கின. அடியோடு வெட்ட மனம் வரவில்லை. ஆள் வைத்து, உச்சியையும் நீண்ட கிளைகளையும் சுற்றிலும் குறைத்துப் பாரத்தை இறக்கினேன்.

ஆடுகள் நுழையாதபடி, இரண்டு வரிசையாகக் கழிகளை நட்டு, நடுவே அந்தக் கிளைகளை அடுக்கி வேலியாக்கினேன். பக்கத்து வீட்டுக் கொள்ளேகால்காரி ராசம்மா குறுக்கே வந்துபோகும் வழியையும் சேர்த்தே அடைத்தேன். துக்கம் விசாரித்து விசாரித்தே அழவைக்கிறாள் என்று எனக்கு எரிச்சல்.

வேலி முடிந்த மறுநாள் மரத்தடியில் சுள்ளி பொறுக்கினேன். மேலே கவட்டையில் சிக்கியிருந்த வெட்டிய கிளையொன்று சரிந்து விழுந்து என் காலை அழுத்திக்கொண்டது. வாசல் கதவோ உள்ளே தாழிட்டிருந்தது. கத்தினேன்.

"அக்கா! இங்கிருந்த தடத்தைக் காணமுங்களே!" வேலிக்கு அப்பால் ராசம்மாவின் குரல்.

"நான்தான் அடைச்சுட்டேன்" என்றேன்.

அவள் வேலியைப் பிரிக்கத் தொடங்கினாள். கிளைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே வந்தபோது இரண்டு கைகளிலும் ரத்தம். கிளையைத் தூக்கிக் காலை விடுவித்து, ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

இப்போதெல்லாம், மேலே கிளை ஏதும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகே மரம் வெட்டுகிறவர்களை அனுப்புகிறேன். வேலி மக்கி அமுங்கினால் புதுக்கிளை போடுகிறேன், ராசம்மா பிரித்த இடத்தில் தவிர.

போன மாதம் அவள் குடும்பத்தோடு கொள்ளேகாலுக்கே போய்விட்டாள். அந்த வழியாக இப்போது ஆடுகள்தான் வருகின்றன. விரட்டுகிறேன். அடைக்கமாட்டேன்.