படுத்துப் போக ஒரு சீட்

சுடலைமுத்து வாழ்நாளில் எதையும் முதலில் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பர்ச்சேஸ் பிரிவில், முப்பத்தொரு வருஷம் இருந்தார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்தவர் மேனேஜராக ஓய்வு பெற்றார். இரும்புக் கம்பி விற்கிறவன், பெயின்ட் விற்கிறவன், அட்டைப்பெட்டி விற்கிறவன் என்று யாராவது ஒருவன் அவர் மேசைக்கு எதிரே எப்போதும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "நாளைக்கு வாங்க" என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே குரலில் சொல்லத் தெரிந்த மனிதர். மூன்று கொட்டேஷன் கைக்கு வராமல் பேனாவைத் திறக்கமாட்டார். வந்த பிறகும் உடனே திறக்கமாட்டார். இன்றைக்குத்தான் கடைசி என்று எவன் அடித்துச் சொல்கிறானோ, அவன்தான் திங்கட்கிழமை தானாகவே போன் செய்து இறங்கி வருவான் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனிக்கு அதனால் லாபம். வீட்டுக்கு எப்படி என்று அவர் மனைவி ஜெயமணியைக் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஜெயமணிக்கு முதுகில் வட்டு விலகி, இடது கால் மரத்துப் போக ஆரம்பித்தது. தள்ளிப் போடாதீர்கள் என்றார் டாக்டர். சுடலைமுத்து தள்ளிப் போடவில்லை, விசாரித்தார், அவ்வளவுதான். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி, பெங்களூரில் ஒன்று, சேலத்தில் ஒன்று. ஒவ்வொருவரும் எந்தக் கம்பி வைப்பார்கள், அறை வாடகையில் எவ்வளவு குறைப்பார்கள் என்று எட்டு மாதம் அலைந்தார். கடைசியில் முதல் ஆஸ்பத்திரி சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஆபரேஷனை முடித்தார். அதற்குள் நரம்பு கெட்டுவிட்டது. இப்போது அவளால் ஊன்றுகோல் பிடித்து நடக்க முடியும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. வலி கூடிய நாட்களில் புரண்டு படுக்கவே ஒரு கை வேண்டும். பகலில் அந்தக் கை வேலைக்கு வரும் சாந்தம்மாவுடையது, மற்ற நேரத்தில் அவருடையது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இவர்களுடைய ஒரே மகள் தர்ஷினி அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது, விமானம் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் ஐந்தாம் தேதி நாள் குறித்திருந்தார்கள்.

"நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம்மா. வந்து கூட இரு, அது போதும்" என்று போனில் அழுதாள்.

போவது எப்படி? மகளின் பட்டமளிப்புக்கென்று எடுத்து, முதுகு வலியால் போகாமலே விட்ட விசா இருவருக்கும் செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம். சாதாரண சீட்டில் ஜெயமணி உட்கார்ந்து போவது நடக்காத காரியம். பிசினஸ் கிளாஸில் சீட்டை நீட்டினால் கட்டிலாகிவிடும், படுத்தே போகலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். அதன் விலையைக் கேட்டதும் சுடலைமுத்துவுக்குத்தான் படுக்கத் தோன்றியது.

வழி சொன்னவள் தர்ஷினி. விமானக் கம்பெனியில் மைல் என்று ஒன்று உண்டு. பறக்கிறவர்களுக்கு அது சேரும், பறக்காதவர்கள் காசு கொடுத்தும் வாங்கலாம். அந்த மைலைக் கொடுத்து பிசினஸ் கிளாஸ் சீட் எடுத்தால், ரொக்கமாகக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. டிசம்பர் முதல் வாரம் அவள் அவசரமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, பிப்ரவரி பத்தாம் தேதி ரெண்டு சீட்டு இருக்கு. நீங்க மைலை வாங்குங்க, அடுத்த நிமிஷமே நான் சீட்டைப் போட்டுடறேன். மைலுக்குத் தர்ற சீட்டு ஒரு பிளைட்டுக்கு ரெண்டு மூணுதான். போனா போச்சு. இப்போ வாங்கற மைலுக்கு மேல போனஸ் மைலும் தர்றாங்க. பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான்."

"போனஸ் எவ்வளவு?"

"நாப்பது சதவீதம்."

"இதுக்கு மேல எப்பவாவது குடுத்திருக்கானா?"

"எழுபது வரைக்கும் குடுத்திருக்காங்களாம். அதை விடுங்கப்பா, சீட்டுதான் முக்கியம்."

அதை அவர் எப்படி விடுவார்? இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்த மைல் வியாபாரத்தை விடாமல் எழுதிவைக்கிற ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஐந்து வருஷத்தில் எந்த மாதம் எவ்வளவு போனஸ் என்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார். டிசம்பரில் நாற்பது, ஜனவரியில் எழுபது. பிடிபட்டுவிட்டது. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாக அவரிடம் யாரும் எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை, எவனும் எதிரே உட்கார்ந்து வியர்க்கவில்லை. இப்போது ஒரு விமானக் கம்பெனியே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த டிசம்பரில் அவர் இருந்த சந்தோஷத்தை ஜெயமணி வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"வாங்கிட்டீயளா?" என்று கேட்டாள்.

"பொறு. ஜனவரியில இன்னும் ஏத்துவான்."

"சீட்டு போயிருமுன்னு புள்ள சொல்லுதாளே."

"சீட்டு எங்க போவும்? நான் காசக் கட்டி மைலைக் கையில வச்சிருந்தா அவன் சப்ளை பண்ணித்தான ஆவணும். ஆர்டர எடுத்துக்கிட்டு சரக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா? அவ சின்னப் புள்ள, ஏவாரம் தெரியாது."

ஜெயமணி தன் வேலையைப் பார்த்தாள். பழைய நூல் சேலைகளைக் கிழித்து, துவைத்து, குழந்தைக்கு என்று மடித்து வைத்தாள். லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கிக் காயவைத்தாள். கால் மணி நேரம் வேலை, அரை மணி நேரம் படுக்கை என்று ஒரு மாதம் முழுக்க இதைச் செய்தாள்.

பதினைந்தாம் தேதி போனது. தர்ஷினி தினமும் கூப்பிட்டாள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு அம்மாவை மட்டும் கூப்பிட்டாள். ஜனவரி இருபத்தொன்றாம் தேதி காலை விமானக் கம்பெனியின் மெயில் வந்தது. எழுபத்தைந்து சதவீதம். சுடலைமுத்து கணித்ததைவிட ஐந்து அதிகம்! உட்கார்ந்த இடத்திலேயே வாங்கி முடித்தார். பாகலூர் ரோட்டில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து மருமகன் ஸ்ரீராமுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, மைல் வந்தாச்சு. எழுபத்தஞ்சுல முடிச்சேன். சீட்டப் போடுங்க."



"மாமா, அந்த ரெண்டு சீட்டும் டிசம்பர் பதினெட்டுலயே போயிடுச்சு. தர்ஷினி உங்ககிட்ட சொன்னாளே."

"சொன்னா, நான்தான்… சரி, வேற தேதி பாருங்க."

"ஏப்ரல் முடியற வரைக்கும் எதுவும் இல்ல மாமா. தினமும் பாத்துட்டுதான் இருக்கேன்."

"அதெப்படி? காசு வாங்கிருக்கான்லா!"

"அவங்க சீட்டு தர்றோம்னு எங்கயும் சொல்லலயே மாமா. மைலைத்தான் வித்தாங்க."

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பாட்டு கேட்டார். கடைசியில் ஒரு பெண் வந்து அழகான ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தாள். விற்ற மைலைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் அதே அழகோடு சொன்னாள். மைசூர்பாகைச் சாந்தம்மா தன் வீட்டுக்குக் கொண்டு போனாள்.

"அம்மாவுக்கு மட்டும் காசு குடுத்து பிசினஸ் கிளாஸ் போடுங்கப்பா. நீங்க பின்னால சாதா சீட்டுல வாங்க. பணம் நான் அனுப்பறேன்" என்றாள் தர்ஷினி.

மகள் காசு வேண்டாம், நானே போடுகிறேன் என்றார். உண்மையாகவே போட நினைத்தார், அதில் பொய்யில்லை. நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே இருந்தது; இறங்கும் என்று இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமைதான், ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் மணிவேலிடம் போனார். மணிவேல் மத்தூர்க்காரர். விவரம் முழுவதும் கேட்டுவிட்டுத் திரையை இவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சார், ஞாயித்துக்கெழமைக்கு ஒரே சீட்டுதாங்க இருக்குது. சாய்ந்தரம் வரைக்கும் இந்த ரேட்டு நிக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. அம்மா ஒடம்பு நெலமைய சொல்றீங்க, நானா இருந்தா இப்பவே போட்டுடுவன்."

சுடலைமுத்து சிரித்தார். இந்தப் பேச்சை முப்பத்தொரு வருஷம் கேட்டிருக்கிறார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்தார்.

கிருஷ்ணகிரியில் விசாரித்ததில் விலை கூடுதலாக இருந்தது. ஆக இரண்டு கொட்டேஷன். மூன்றாவது பெங்களூரில், திங்கட்கிழமைதான் ஆள் இருப்பான் என்றார்கள். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனார். அவன் உண்மையிலேயே குறைத்துச் சொன்னான். தாளில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, அத்திப்பள்ளி தாண்டுகையில் ஜெயமணியிடமிருந்து போன் வந்தது.

"பேத்தி பொறந்துட்டா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பதினேழு நாள் முந்திவிட்டது. ரத்த அழுத்தம் தலைக்கேறி, அவசரமாக வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஸ்ரீராமை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே கொண்டு போகும்போது தர்ஷினி அம்மா அம்மா என்று கத்தினாளாம். அங்கிருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் புரிந்தது, ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். நாலாம் நாள் ஸ்ரீராமின் அம்மா பூங்கொடி ஈரோட்டிலிருந்து சாதாரண சீட்டில் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தாள். குழந்தையை முதலில் குளிப்பாட்டியதும் அவள்தான்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு பகலில் சுடலைமுத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு வேகமாக வந்தார்.

"ஜெயமணி, சீட்டு வந்துட்டு! மே எட்டு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. நீ படுத்துக்கிட்டே போலாம்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? பேத்தியப் பாக்க வேண்டாமா?"

"போன்ல பாக்கேன். அது போதும்."

"கிறுக்கு மாதிரி பேசாத. இப்பப் போட்டாத்தான் உண்டு."

ஜெயமணி அவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எம் முதுகுக்கு மூணு ஆஸ்பத்திரில ரேட்டு கேட்டீய. எட்டு மாசம். ஒரு வார்த்த சொன்னனா? எம் ஒடம்புதான, போவட்டும்னு கெடந்தேன். அன்னைக்கே சண்ட போட்டிருந்தா எம் புள்ளைக்காவது நீங்க அப்படிப் பண்ணிருக்க மாட்டீய. அவ கத்துன நேரத்துக்கு நான் இல்ல. இப்பப் போயி என்ன செய்ய, சம்மந்தி போட்ட காப்பியக் குடிச்சிட்டு வரவா?"

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவள் அதைச் சொன்னாள். என் தப்புதான் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் வந்தது வேறு.

"வாங்குன மைலைத் திருப்பி எடுக்கமாட்டான் ஜெயமணி. வருஷக் கடைசில காலாவதி ஆயிரும்."

ஜெயமணி சிரித்தாள். முதலில் சும்மா சிரித்தாள், பிறகு அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து தோளுக்கு அடியில் கை கொடுக்கக் குனிந்தார்.

"வேண்டாம்" என்றாள். "சாந்தம்மாவக் கூப்புடுங்க."