நான் பாட்டெடுக்காத ஐந்து ஞாயிறுகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல், பூட்டு விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அது நான் உண்டாக்கினது. அதன் மேல்மாடி நான் எழுப்பினது. பிள்ளைகள் இரண்டு பேரையும் காலேஜ் படிக்க வைத்தது நான். நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, பதிமூன்று வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினவன் நான். பையில் ஒரு சட்டையும் அம்மா கொடுத்த பாட்டுப் புத்தகமும்தான் இருந்தன.

நம் சபையின் தமிழ் ஆராதனைக்குப் பாடகர் குழு என்று ஒன்று உண்டானதும் என்னால்தான். ஆர்மோனியம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய சாமான் கடையில் இரண்டு கட்டை உடைந்து கிடந்த பெட்டியை வாங்கி, என் கடைச் சாமானை வைத்தே சரிசெய்து, காதால் கேட்டுக் கேட்டுப் படித்தேன். இருபத்தாறு வருஷம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறினதில்லை. மகள் கல்யாணத்துக்கு மறுநாளும் போனேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று முதலில் எழுதிவிடுங்கள் அண்ணாச்சி, அதுதான் முறை என்று சபையில் சொன்னார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கர்த்தர் தந்ததை ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சாட்சி அந்தப் பெருமை உடைந்த கதை. அதையும் ஒளிக்கப் போவதில்லை.

போன வருஷம் ஓணம் கழிந்த வாரம் என் தொண்டை அடைத்தது. ஓணச் சமயத்தில் சாலைக் கடைத்தெருவில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கத்திக் கத்தி விற்றதால் என்று நினைத்தேன். சுக்குக் கஷாயம் குடித்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மூன்று வாரம் ஆகியும் குரல் தேறவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனையில் பாட்டின் இரண்டாவது அடியில் என் குரல் கிழிந்து நின்றது. மறுநாள் டாக்டரைப் பார்த்தேன்.

குரல் வருகிற இடத்தில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். எதற்கான பரிசோதனை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். கட்டியை எடுத்த பிறகு, அந்த மலையாளி டாக்டரம்மா என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

“ரெண்டாழ்ச மிண்டாம இருக்கணும் அண்ணாச்சி. ஒரு வார்த்தகூட கூடாது, கேட்டோ? பாட்டு தல்காலம் மறந்துடணும்.”

இரண்டு வாரம் பேசக்கூடாது, பாட்டை இப்போதைக்கு மறந்துவிட வேண்டும். எத்தனை நாளைக்கு என்று நான் விரலை மடக்கிக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் மனைவி ஞானசெல்வம் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: “நாப்பது வருசமா நான் கேட்ட ஜெபம். ரெண்டு வாரமாவது கர்த்தர் தந்தாரே.” சொல்லிவிட்டு அவளே அழுதாள். நானும் அழுதேன், சத்தமில்லாமல்.

விளைச்சலைப் படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு ஐந்து ஞாயிறுதான் இருந்தது. கடையை மத்தியானம் பூட்டின பிறகு, மேலே ஆணிச் சாக்குகளுக்கு நடுவில் முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, பண்டிகைக்குள் என் குரலைத் திருப்பித் தாரும். நான் இல்லாவிட்டால் உமக்கு இங்கே தமிழில் பாட யார் இருக்கிறார்கள்?” இப்படித்தான் ஜெபித்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

முதல் ஞாயிறு வந்தது. கழுத்தில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு நான் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பெட்டி முன்னால் உட்கார்ந்தால் பாடிவிடுவேன் என்று ஞானசெல்வம் விடவில்லை. போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள்.

ஒருவரும் பாடவில்லை.

நம் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் வார்த்தை மட்டும்தான் இருக்கும். ராகமும் சுருதியும் பழகினவர்கள் தொண்டையில் இருக்கும். ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த ஒருவர் நான். இருநூறு பேருக்கும் பாட்டு தெரியும். ஆனால் தொடங்க ஒருவருக்கும் தெரியாது. எல்லாத் தலையும் நாலாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன.

பிறகு குழுவில் இருந்த ஒருவர், என் வயதுக்காரர், துணிந்து எடுத்தார். மிகவும் உயரத்தில் எடுத்துவிட்டார். மூன்றாவது அடி மேலே ஏறுகிற இடத்தில் அவரும் நின்றார், சபையும் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் “பரவாயில்லை, ஜெபிப்போம்” என்றார்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, பண்டிகைக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பண்டிகையில் போட்டால் பிறகும் அதுதான். நான் வாயில்லாமல் நின்றேன். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பார்த்தீர்களா, நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கையை வைத்த பிறகுதான் உறைத்தது. இருபத்தாறு வருஷமாக இருநூறு பேரை ஊமையாக்கி வைத்திருந்தது நான்தான். கட்டி என் தொண்டையில் வருவதற்கு முன்னாலேயே சபையின் தொண்டையில் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஷீபாவின் ஞாபகம் வந்தது.

ஷீபா போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப்பிள்ளை. கல்யாணமாகி, இப்போது கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல். வயது நாற்பதுக்குப் பக்கம். நல்ல குரல். காது இன்னும் நல்லது. ஆனால் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குழுவில் சேர வந்தபோது ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். நம் தமிழ்ப் பாட்டுகளையெல்லாம் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் அந்த நோட்டை மூடி அவள் கையில் கொடுத்து, “தமிழ்ப் பாட்டைத் தமிழ் எழுத்துல வாசிக்கத் தெரிஞ்ச பொறவு வா தாயி” என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைப் போல மலையாளம் படித்த மற்றவர்களும் குழுப் பக்கமே வரவில்லை. குழுவில் ஏழு கிழவர்கள் மிஞ்சினோம்.

திங்கட்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன். நல்ல மழை. என்னால் பேச முடியாதே, அதனால் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். பைபாஸ் ஓரத்தில் இறங்கி, நனைந்து போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

“அய்யோ, அண்ணாச்சியா? உள்ள வந்து இரிங்க. இந்த மழையத்து எதுக்கு வந்தீங்க?”

தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பேச்சு இல்லை, அவளுக்குத் தமிழ் எழுத்து இல்லை. என் எழுத்து அவள் கையில் வெறும் தாள்.

அவள் சிரித்துவிட்டாள். புருஷனைக் கூப்பிட்டாள். செல்வராஜ் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், தமிழ் படித்தவன். மழையால் அன்று வேலைக்குப் போகவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி வாசித்தான்.

“‘ஷீபா, அன்று நான் சொன்னது தப்பு.’ தப்புன்னு எளுதியிருக்காரு, பாத்துக்க. மறுக்கா வாசிக்கட்டா?”

“மதி, ஒரு தடவ போதும்,” என்றாள் ஷீபா. பிறகு, “அல்ல, இன்னும் ஒருக்கா வாசிங்க,” என்றாள்.

அவன் வாசித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“‘நோட்டை எடுத்துக்கொண்டு வா. இனி பாட்டை நீ எடுக்க வேண்டும்.’ அம்புட்டுதான். கீழ கையெளுத்து போட்டிருக்காரு. பத்திரம் எளுதுத ஆபீசுல போட்டது போல பெரிசா.”

ஷீபா உள்ளே போனாள். பால் விடாத சுடு கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “வாறேன் அண்ணாச்சி. ஆனா நோட்டு மலையாளத்துலதான் இருக்கும். நான் ஒத்தைக்கு வரமாட்டேன். எங்க ஹாஸ்டல் அடுக்களையில மட்டும் நாலு பேரு உண்டு. பாட்டு அறியும், எழுத்து அறியாது. அவங்களும் வரும். சம்மதமா?”

தலையை ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லட்டும்னு பாக்குதேன்,” என்றான் செல்வராஜ். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பயிற்சி தொடங்கியது. பதினொரு பேர் வந்தார்கள். நான் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்குவேன். ஷீபா அதைப் பிடித்து முதல் அடியை எடுப்பாள். தாளம் தப்பினால் பெட்டியின் மேல் விரலால் தட்டுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவள் ஒரு பாட்டைத் தப்பாக எடுத்தாள். என் வாய் தானாகத் திறந்தது. ஞானசெல்வம் பக்கத்திலிருந்து என் முழங்காலைக் கிள்ளினாள். மூடிக்கொண்டேன். ஷீபா அப்படியே போனாள், இரண்டாவது அடியில் அவளே அதைக் கண்டுபிடித்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

சகோதரரே, சகோதரியே, இதைக் கவனித்துக் கேளுங்கள். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருவரையும் இரண்டாவது அடி வரைக்கும் தப்பாகப் போக விட்டதில்லை. அதனால் ஒருவருக்கும் தானாகத் திரும்பி வரத் தெரியவில்லை. கர்த்தர் என் வாயைத் தைத்த பிறகுதான் நான் சொல்லிக்கொடுக்கவே ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஞாயிறு ஷீபா ஒரு பாட்டு எடுத்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் கடைசி வரை போனது. அந்த வாரமே பரிசோதனை முடிவும் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரம்மா பேசலாம் என்றார், பாட்டு இன்னும் வேண்டாம் என்றார். நான் பேசின முதல் வார்த்தை ஸ்தோத்திரம். இரண்டாவது வார்த்தை, “ஞானம், சாயா.”

ஆனால் பயிற்சிக்குப் போனால் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பேச முடிந்தும் பேசவில்லை. அது என் சொந்தத் தீர்மானம். இன்னொன்றும் செய்தேன். ஷீபா மட்டும் எடுத்தால் பழைய கதைதான், ஆள்தான் வேறு. ஆகவே ஆளுக்கு இரண்டு பாட்டாவது எடுத்துக் கொடுக்கப் படிக்க வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டி ஏற்பாடு செய்தேன். இந்த யோசனை என்னுடையது. ஷீபாவுடையது அல்ல, போதகருடையதும் அல்ல.

ஐந்தாவது ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் பூசணிக்காயும். கோழி ஒன்று இடையிடையே தன் பங்குக்குப் பாடியது. நான் நாலாவது பெஞ்சில். ஷீபா துதிப் பாட்டை எடுத்தாள், நான் எடுக்கிறதைவிடத் தாழ்வாக. எனக்குக் கை அரித்தது. ஆனால் மூன்றாவது அடியில் பாட்டு ஏறினபோது, நான் இதுவரை கேட்காத ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தது. கடைசி பெஞ்சுகளில் நிற்கிற கட்டட வேலைக்காரர்களும் ஹோட்டல் வேலைக்காரர்களும் பாடினார்கள். இத்தனை வருஷம் நான் என் தொண்டைக்கு வசதியான உயரத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது எட்டவில்லை. பக்தியில்லாத கூட்டம் என்று நான் அவர்களைப் பேசினதுண்டு. கர்த்தர் மன்னிக்கட்டும்.

முடிவில் போதகர், உற்சாகத்தில், பட்டியலில் இல்லாத ஒரு பாட்டைச் சொல்லிவிட்டார். பயிற்சியில் யாரும் பழகாத பாட்டு. கோயில் அமைதியானது. முதல் ஞாயிறு இருந்த அதே அமைதி. பழக்கதோஷத்தால் பாதித் தலைகள் நாலாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. என் தொண்டை பாதி தேறியிருந்தது. ஒரு அடி எடுக்கலாம், சாகமாட்டேன். நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.

அப்போது மூன்று இடத்திலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். மூன்றும் மூன்று சுருதி. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து நிறுத்தினார்கள், சபையும் சிரித்தது. ஷீபா கையைத் தூக்கி ஒருத்தியைக் காட்டினாள். அந்த ஹாஸ்டல் அடுக்களைக்காரி எடுத்தாள். இருநூறு பேரும் தொடர்ந்தோம்.

நான் ஒரு குரலைத்தான் கேட்டு ஜெபித்தேன். கர்த்தர் மூன்றாகக் கொடுத்தார், அதுவும் போட்டி போடுகிற அளவுக்கு. அன்று ஸ்பீக்கர் பெட்டி திறக்கவே இல்லை.

இன்றைக்கு என் பாட்டுக் குரல் பாதிதான் வந்திருக்கிறது. தாழ்வான அடிகளைப் பாடுவேன், ஏறுகிற இடத்தில் நிறுத்திக்கொள்வேன். எனக்குக் குறை ஒன்றுமில்லை. சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து கட்டையை அமுக்கிவிட்டுக் காத்திருப்பேன். யார் எடுப்பார்கள் என்று பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. செல்வராஜும் இப்போது குழுவில் இருக்கிறான். தாளம் வராது. விடமாட்டேன்.

நீங்கள் ஒரு ஊழியத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா? நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைக்கிறீர்களா? என்னைப் போல வாய் அடைபடும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே நாலாவது பெஞ்சில் போய் உட்காருங்கள். நடுங்குகிற குரல் இரண்டாவது அடிக்குப் போகட்டும். மிச்சத்தை அவரை நம்பி விடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார். என் விஷயத்தில் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு காரியம். இந்த வருஷச் சபை அறிக்கையில், “பாடகர் குழு புதிதாக வளர்ந்தது, தேவனுக்கே மகிமை” என்று போட்டிருக்கிறார்கள். ஆமென். மகிமை முழுவதும் அவருக்கே, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அறிக்கையில் எனக்கு ஒரு வரி வேண்டும். கட்டையை அமுக்கினது யார்? மழையில் கழக்கூட்டம் போனது யார்? பேச முடிந்தும் மூன்று சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது யார்? ஷீபாவின் பேரை முதலில் போடுங்கள், அதில் எனக்குச் சம்மதம். அதற்குக் கீழே என் பேர் வரவேண்டும். அந்த நோட்டின் முதல் பக்கத்திலும் வரவேண்டும். ஷீபா, மலையாள எழுத்திலேயே எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். ஆனால் தனித்தனியாக மூன்று பேரை வாசிக்கச் சொல்லி, இருக்கிறதா என்று பார்ப்பேன்.